உலகக் கோப்பையை வேண்டாம் என்றவர்

ஆப்பிரிக்கக் கால்பந்தின் தந்தை டெசெமாவின் வாழ்க்கை

ஆப்பிரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு பெரிய கால்பந்துப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் முதலாவதாக வந்த கிளப்புகள் அதில் மோதுகின்றன. வடக்கே எகிப்திலிருந்து ஒரு கிளப் புறப்பட்டு, தெற்கே தென் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆடுகிறது. மேற்கே கானாவில் உள்ளவர்கள், நடுவே காங்கோவுக்குப் போகிறார்கள். பாஷை வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. பந்து மட்டும் ஒன்று.

இப்போது இது சாதாரண விஷயமாகிவிட்டது. ஆனால் 1957-ம் ஆண்டில், ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்துக் கால்பந்துப் போட்டி நடத்தியபோது ஆட வந்தவை மூன்றே நாடுகள்!

மூன்று நாடுகளில் தொடங்கிய அந்தக் காரியத்தைக் கண்டம் முழுவதும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஓர் எதியோப்பியர். பெயர், இட்னெகாச்சு டெசெமா. ஆப்பிரிக்கக் கால்பந்தின் தந்தை என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

பந்து உதைப்பதில் கெட்டிக்காரராக இருந்ததால் மட்டும் அவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. நிறத்தைக் காட்டி மனிதனை ஒதுக்கினால் கோப்பையே வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர் அவர். அந்தத் துணிவுக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

பாடகர் மகன்

டெசெமா 1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 11-ந் தேதி பிறந்தார். ஊர், எதியோப்பியாவின் தென்மேற்கே உள்ள ஜிம்மா. காப்பிச் செடிக்குப் பெயர் போன பகுதி அது.

எதியோப்பியாவில் குடும்பப் பெயர் என்பது கிடையாது. ஒருவருடைய பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். இட்னெகாச்சு என்பதுதான் இவருடைய சொந்தப் பெயர். டெசெமா என்பது தகப்பனார் பெயர். வெளிநாட்டார் பலர் தகப்பனார் பெயராலேயே இவரை அழைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

தகப்பனார் டெசெமா எஷெட்டேயும் லேசுப்பட்டவர் அல்ல. அவர் கவிஞர், பாடகர். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், கப்பலேறி ஜெர்மனிக்குப் போனவர். மோட்டார் கார் ஓட்டவும் பழுது பார்க்கவும் அங்கே கற்றுக்கொண்டார். அப்போதே அவருடைய பாட்டுகள் இசைத்தட்டில் பதிவாயின. இசைத்தட்டில் பாடிய முதல் எதியோப்பியர் என்று அவரைச் சொல்வார்கள்.

மகனுக்குப் பாட்டில் நாட்டம் போகவில்லை. தலைநகரான அடிஸ் அபாபாவில் டஃபாரி மக்கொன்னன் பள்ளிக்கூடத்தில் படித்தார். அங்கே அவருக்குப் பந்துதான் உயிர்.

படையெடுப்பு

1935-ம் ஆண்டு அடிஸ் அபாபாவில் ஒரு கால்பந்து கிளப் தோன்றியது. அதற்கு செயின்ட் ஜார்ஜ் என்று பெயர். பதினான்கு வயதுப் பையனான டெசெமா அதில் சேர்ந்தார்.

அதே ஆண்டில் எதியோப்பியாவுக்குப் பெரிய ஆபத்து வந்தது. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி படையெடுத்தான். விமானங்கள் குண்டு போட்டன. விஷப் புகையும் வீசினார்கள். 1936-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி அடிஸ் அபாபா வீழ்ந்தது. சக்கரவர்த்தி ஹெயிலி செலாசி அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்.

ஐந்து ஆண்டுகள் இத்தாலியர் ஆட்சி நடந்தது. வெள்ளையர் ஒரு பக்கம், கறுப்பர் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாழக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இரு இனத்துக்கும் பிறந்த குழந்தைகளை இத்தாலியர் என்று ஏற்க முடியாது என்று 1940-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

டெசெமாவுக்கு அப்போது வயது பதினைந்து முதல் இருபது. மனதில் எதுவும் ஆழமாகப் பதியும் பருவம். நிறத்தைப் பார்த்து மனிதனை ஒதுக்குவது என்றால் என்ன என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. தன் சொந்த ஊரின் தெருவிலேயே பார்த்தார்.

1941-ம் ஆண்டு, நகரம் வீழ்ந்த அதே மே 5-ந் தேதி, சக்கரவர்த்தி திரும்பி வந்தார். நாடு விடுதலை அடைந்தது.

ஐந்து இனத்தார் ஆடிய ஆட்டம்

விடுதலைக்குப் பின் எதியோப்பியாவில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. விளையாட்டும் அப்படித்தான். 1943-ம் ஆண்டு எதியோப்பியக் கால்பந்து சங்கம் ஏற்பட்டது. அதை உண்டாக்குவதில் முன்னின்றவர் டெசெமா. வயது இருபத்திரண்டு!

அடுத்த ஆண்டு ஒரு போட்டி நடந்தது. அதில் ஐந்து குழுக்கள் ஆடின. எதியோப்பியர்களுக்கு செயின்ட் ஜார்ஜ். கிரேக்கர்களுக்கு ஒரு குழு. ஆர்மீனியர்களுக்கு ஒரு குழு. அங்கேயே தங்கிவிட்ட இத்தாலியர்களுக்கும் ஒரு குழு. பிரிட்டிஷ் பட்டாளத்தாருக்கு மற்றொரு குழு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வரை எஜமானர்களாக இருந்தவர்களோடு, ஒரே மைதானத்தில் சமமாக நின்று எதியோப்பியர்கள் ஆடினார்கள். சாதாரண மக்களுக்கு அது ஆட்டம் மட்டுமல்ல, மானப் பிரச்சினை.

டெசெமா, செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் 1958 வரை ஆடினார். இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே கிளப்! அந்தக் கிளப்புக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட கோல்கள் போட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். எதியோப்பிய நாட்டுக் குழுவிலும் ஆடினார். ஆடிக்கொண்டே சங்கத்தின் வேலைகளையும் பார்த்தார்.

லிஸ்பனில் கூடிய நால்வர்

உலகக் கால்பந்துக்கு ஒரு தலைமைச் சங்கம் இருக்கிறது. அதன் பெயர் பிபா. 1956-ம் ஆண்டு ஜூன் மாதம், போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிபாவின் மகாநாடு கூடியது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அப்போது ஐரோப்பியரின் பிடியில் இருந்தது. எகிப்து, சூடான், எதியோப்பியா, தென் ஆப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் பிரதிநிதிகள் லிஸ்பனில் கூடிப் பேசினார்கள்.

ஐரோப்பாவுக்குச் சங்கம் இருக்கிறது. தென் அமெரிக்காவுக்குச் சங்கம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு மட்டும் ஏன் இல்லை? ஆகவே ஒரு சங்கத்தைத் தொடங்குவது என்று தீர்மானித்தார்கள்.

1957-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி, சூடான் தலைநகரான கார்ட்டூமில் ஆப்பிரிக்கக் கால்பந்து சம்மேளனம் பிறந்தது. எகிப்தைச் சேர்ந்த அப்துல் அஜீஸ் அப்துல்லா சலேம் முதல் தலைவர் ஆனார். சூடானைச் சேர்ந்த டாக்டர் அப்துல் ஹலீம் முகம்மது மற்றொரு தூண். எதியோப்பியாவின் சார்பில் வந்த டெசெமாவும் நிறுவியவர்களில் ஒருவர்.

சம்மேளனம் பிறந்த இரண்டாவது நாளே, நாடுகளுக்கு இடையிலான முதல் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி தொடங்குவதாக இருந்தது.

முதல் சோதனை

போட்டிக்கு நான்கு நாடுகள். இரண்டு அரை இறுதி ஆட்டங்கள், ஓர் இறுதி ஆட்டம். கணக்குச் சரியாக இருந்தது.

அங்கேதான் சிக்கல் வந்தது.

தென் ஆப்பிரிக்காவில் அப்போது நிறவெறி அரசாங்கம் நடந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் ஆடக் கூடாது என்பது அந்த அரசாங்கத்தின் கொள்கை. முழுக்க வெள்ளையர் குழுவை அனுப்புவோம். அல்லது முழுக்கக் கறுப்பர் குழுவை அனுப்புவோம். கலந்து அனுப்ப மாட்டோம் என்பது தென் ஆப்பிரிக்கச் சங்கத்தின் நிலை.

மற்ற மூன்று நாட்டாரும் யோசித்தார்கள். இருப்பதே நான்கு நாடுகள். ஒன்றை விலக்கினால் போட்டி பாதியாகிவிடும். முதல் போட்டியே நொண்டிப் போட்டி ஆகிவிடும். போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்தால், போட்டி ஒழுங்காக நடந்துவிடும்.

விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் டெசெமா உறுதியாக நின்றார். மற்றவர்களும் அப்படியே. தென் ஆப்பிரிக்கா போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

ஆகவே அந்தப் போட்டியில் மொத்தம் நடந்தவை இரண்டே ஆட்டங்கள். எகிப்து, சூடானை 2-1 என்று வென்றது. தென் ஆப்பிரிக்காவோடு ஆட வேண்டிய எதியோப்பியா, ஆடாமலே இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் எகிப்து 4-0 என்று எதியோப்பியாவைத் தோற்கடித்தது. நான்கு கோல்களையும் போட்டவர் அல் தீபா என்ற ஒரே ஆட்டக்காரர்!

டெசெமாவின் நாட்டுக்குத் தோல்விதான். ஆனால் அவர் கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் பலமாக விழுந்துவிட்டது.

சக்கரவர்த்தி கையால் கோப்பை

1962-ம் ஆண்டு ஜனவரி மாதம் மூன்றாவது ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி அடிஸ் அபாபாவில் நடந்தது. எதியோப்பியக் குழுவைப் பயிற்றுவித்தவர் டெசெமா.

21-ந் தேதி இறுதி ஆட்டம். எதிரி, முன்பு நான்கு கோல் போட்ட அதே எகிப்து. அப்போது அதற்கு ஐக்கிய அரபுக் குடியரசு என்று பெயர்.

எகிப்து முதலில் கோல் போட்டது. எதியோப்பியா சமன் செய்தது. அடுத்த நிமிடமே எகிப்து மறுபடியும் கோல் போட்டது. மைதானத்தில் சோகம் சூழ்ந்தது. ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தபோது எதியோப்பியாவின் கேப்டன் லூச்சியானோ வசல்லோ ஒரு கோல் போட்டார். மீண்டும் சமம்! கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அதில் கேப்டனின் தம்பி இத்தாலோ ஒரு கோல். மெங்கிஸ்டு வொர்க்கு ஒரு கோல். 4-2 என்று எதியோப்பியா வென்றது.

சக்கரவர்த்தி ஹெயிலி செலாசியே கோப்பையை எடுத்துக் கேப்டனிடம் கொடுத்தார்.

அந்தக் கேப்டன் யார் தெரியுமா? தகப்பன் இத்தாலியச் சிப்பாய். தாய் எரித்திரியா நாட்டுக் கறுப்புப் பெண். இத்தாலியச் சட்டம் ஏற்க மறுத்தது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். அந்தப் பிள்ளை நாட்டின் கேப்டனாக நின்று, சக்கரவர்த்தியின் கையால் ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கினான்!

அதற்குப் பின் எதியோப்பியா அந்தக் கோப்பையை வென்றதில்லை.

கிளப்புகளுக்கு ஒரு கோப்பை

1960-க்குப் பின் ஆப்பிரிக்காவில் நாட்டுக்கு நாடு விடுதலைக் கொடி ஏறியது. 1963-ம் ஆண்டு மே மாதம் ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் அடிஸ் அபாபாவில் கூடி, ஒற்றுமை ஸ்தாபனம் ஒன்றை உண்டாக்கினார்கள். கானாவின் ஜனாதிபதி குவாமே நிக்ரூமா ஒற்றுமைக்காக முழங்கினார்.

கால்பந்துக்காரர்களுக்கும் ஓர் எண்ணம் வந்தது. நாடுகளுக்கு இடையே கோப்பை இருக்கிறது. அது எப்போதோ ஒரு முறை வருகிறது. ஊர்தோறும் கிளப்புகள் இருக்கின்றன. அந்த கிளப்புகளையும் மோத விட்டால் என்ன? ஒவ்வொரு நாட்டிலும் முதலாவதாக வரும் கிளப்புகளுக்கு ஒரு போட்டி வைக்க முடிவாயிற்று. நிக்ரூமாவின் பெயரால் கோப்பையும் ஏற்பட்டது.

முடிவு செய்வது சுலபம். நடத்துவது கஷ்டம். ஆப்பிரிக்கா மிகப் பெரிய கண்டம். ரயில் பாதைகளைப் போட்ட வெள்ளைக்காரர்கள், சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போவதற்காகவே போட்டார்கள். பக்கத்து நாட்டுக்குப் போக வழி இல்லை. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போக, பல சமயம் பாரிஸுக்கோ லண்டனுக்கோ போய்த் திரும்ப வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவையும் மேற்கு ஆப்பிரிக்காவையும் நேராக இணைக்கும் விமானத்தை எதியோப்பிய விமானக் கம்பெனி விட்டதே 1960-ல்தான்.

இத்தனை தொல்லைக்கு நடுவே முதல் போட்டி 1964-ல் தொடங்கியது. கடைசி நான்கு கிளப்புகள் 1965-ம் ஆண்டு பிப்ரவரியில் கானா தலைநகரான அக்ராவில் கூடின. கானாவின் ரியல் ரிபப்ளிக்கன்ஸ், மாலி நாட்டின் ஸ்தாத் மாலியன், காமெரூன் நாட்டின் ஓரிக்ஸ் துவாலா ஆகிய மூன்றோடு, எதியோப்பியாவிலிருந்தும் ஒரு கிளப் வந்தது. அது டைர் டாவா என்ற ஊரின் பஞ்சாலைக் குழு!

பஞ்சாலைக் குழு அரை இறுதியில் தோற்றது. உள்ளூர்க் குழுவான ரிபப்ளிக்கன்சும் தோற்றது. பிப்ரவரி 7-ந் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் ஓரிக்ஸ் 2-1 என்று ஸ்தாத் மாலியனை வென்றது. ஓரிக்ஸ் என்பது ஒரு வகை மான். அந்தக் குழுவின் கேப்டன் சாமுவேல் ம்பாப்பே லெப்பே, ஆப்பிரிக்க கிளப் கோப்பையைப் பெற்ற முதல் கேப்டன் ஆனார்.

ஓர் ஆண்டு கழித்து, 1966 பிப்ரவரியில், பட்டாளத்தார் நிக்ரூமாவைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவே முடியவில்லை. 1972-ல் வெளிநாட்டில் இறந்தார். கோப்பையில் மட்டும் அவர் பெயர் இருந்தது.

உலகக் கோப்பையை உதறினார்கள்

இதற்கிடையே பெரிய சண்டை ஒன்று மூண்டது.

1966-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடக்க இருந்தது. அதில் 16 நாடுகள் ஆடலாம். ஐரோப்பாவுக்கு மட்டும் 10 இடம். ஆப்பிரிக்காவுக்கு எத்தனை? ஒன்றுகூட இல்லை! ஆப்பிரிக்காவில் வென்ற நாடு, ஆசியாவில் வென்ற நாட்டோடு மோத வேண்டும். அதில் வென்றால்தான் இங்கிலாந்துக்குப் போகலாம். அதாவது, இத்தனை கண்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்.

மற்றொரு புண்ணும் இருந்தது. தென் ஆப்பிரிக்காவை 1961-ல் தள்ளி வைத்த பிபா, 1963-ல் மறுபடியும் சேர்த்துக்கொண்டது. நிறவெறி கொஞ்சமும் மாறவில்லை. ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள்.

டெசெமாவும், கானாவின் விளையாட்டு இலாகாத் தலைவர் ஒஹினே ஜானும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு நேராக ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். பிபா இணங்கவில்லை.

பிறகு என்ன செய்வது? இரண்டு வழிகள்தான். கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது ஒன்று. போட்டியையே புறக்கணிப்பது மற்றொன்று.

ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்தன. போட்டியில் சேர்ந்திருந்த நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகிக்கொண்டன.

இது சின்னத் தியாகம் அல்ல. கானா 1963-லும் 1965-லும் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற நாடு. அந்த ஆட்டக்காரர்கள் உச்ச நிலையில் இருந்தார்கள். உலகம் பார்க்க ஒரு முறை ஆடிவிட வேண்டும் என்ற ஆசை எந்த ஆட்டக்காரனுக்கு இருக்காது? அவர்கள் ஆசை நிறைவேறவே இல்லை. கானா முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது 2006-ம் ஆண்டில்தான். நாற்பது ஆண்டுகள் கழித்து!

ஆனால் பலன் வீண் போகவில்லை. தென் ஆப்பிரிக்காவை 1964-ல் பிபா மறுபடியும் தள்ளி வைத்தது. 1970-ம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கு என்றே ஓர் இடம் ஒதுக்கினார்கள். மொராக்கோ ஆடியது. 1982-ல் இரண்டு இடம் கிடைத்தது.

வராத தந்தி, போன கோப்பை

கிளப் கோப்பையும் வளர்ந்தது, தொல்லையும் வளர்ந்தது.

1967-ல் இறுதி ஆட்டத்துக்குக் கானாவின் அசாந்தே கொடோகோவும் காங்கோவின் எங்கில்பெர்ட்டும் வந்தன. கானாவில் நடந்த ஆட்டம் 1-1. காங்கோவில் நடந்த ஆட்டம் 2-2. இரண்டிலும் வெற்றி தோல்வி இல்லை. பெனால்டி உதைத்து முடிவு செய்யும் முறை அப்போது கிடையாது. மூன்றாவதாக ஓர் ஆட்டம் காமெரூனில் நடக்கும் என்று சம்மேளனம் அறிவித்தது.

அந்தச் செய்தி கானா சங்கத்துக்கு வந்தது. கொடோகோ கிளப்புக்குப் போய்ச் சேரவில்லை! குறித்த நாளில் எங்கில்பெர்ட் மைதானத்துக்கு வந்து நின்றது. கொடோகோ வரவில்லை. கோப்பை எங்கில்பெர்ட்டுக்குப் போய்விட்டது. கானா மக்கள் கொதித்தார்கள். 1970-ம் ஆண்டுக் கோப்பைக்கு அதே இரண்டு கிளப்புகளும் மீண்டும் மோதின. கொடோகோ, காங்கோ மண்ணிலேயே 2-1 என்று வென்று கோப்பையைத் தூக்கி வந்தது. மூன்று ஆண்டுக் கடன் தீர்ந்தது.

இப்படித் தகராறுகள் வர வர, விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது. உறுதியான ஒரு தலைவர் தேவைப்பட்டார்.

தலைவர்

1972-ம் ஆண்டு டெசெமா சம்மேளனத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாகும் வரை, பதினைந்து ஆண்டுகள், அந்தப் பதவியில் இருந்தார். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியிலும் அவர் அங்கத்தினர்.

1974-ல் பிபா தலைவர் தேர்தல் வந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஸ்டான்லி ரவுஸ் பழைய தலைவர். தென் ஆப்பிரிக்காவுக்குப் பரிந்து பேசியவர். பிரேசிலைச் சேர்ந்த ஹவலாஞ்சே அவரை எதிர்த்து நின்றார். ஆப்பிரிக்க நாடுகளின் ஓட்டுகள் ஹவலாஞ்சேயின் பக்கம் பெரும்பாலும் விழுந்தன. அவரே வென்றார். 1957-ல் மூன்று நாடுகளாக நின்றவர்கள், உலகத் தலைவரையே மாற்றும் பலம் பெற்றுவிட்டார்கள். 1976-ல் தென் ஆப்பிரிக்கா பிபாவிலிருந்து அடியோடு நீக்கப்பட்டது.

அதே 1974-ல் எதியோப்பியாவில் புரட்சி நடந்தது. கோப்பை கொடுத்த சக்கரவர்த்தியைப் பட்டாளத்தார் சிறைப்பிடித்தார்கள். பழைய மந்திரிகள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் யார் தலை எப்போது போகும் என்று தெரியாத காலம். அந்தப் புயலிலும் டெசெமா ஆப்பிரிக்கக் கால்பந்தின் தலைவராக நீடித்தார். 1976-ல் ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டி மறுபடியும் எதியோப்பியாவில் நடந்தது.

அவர் காலத்தில், 1975-ல், கிளப்புகளுக்கு இரண்டாவது கோப்பையும் வந்தது. நாட்டுக் கோப்பையை வென்ற கிளப்புகளுக்கான போட்டி அது. முதல் ஆண்டில் காமெரூனின் தொன்னேர் கிளப் வென்றது. பின்னால் உலகப் புகழ் பெற்ற ரோஜர் மில்லா அதில் ஆடினார்.

1976-ம் ஆண்டு கிளப் கோப்பை ஆட்டத்தை வட ஆப்பிரிக்காவில் இன்றும் பேசுவார்கள். கினி நாட்டின் ஹாஃபியா, தன் ஊரில் அல்ஜீரிய கிளப்பை 3-0 என்று நொறுக்கியது. கோப்பை கையில் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அல்ஜீர்ஸ் நகரில் நடந்த மறு ஆட்டத்தில், முலூதியா கிளப் அதே 3-0 என்று திருப்பிக் கொடுத்தது. பெனால்டி உதையில் முலூதியா வென்றது!

போட்டியில் தோற்ற ஒரு கொள்கை

டெசெமாவின் எண்ணங்கள் எல்லாம் பலித்துவிடவில்லை.

நல்ல ஆட்டக்காரர்கள் பணத்துக்காக ஐரோப்பாவுக்குப் போவது அவருக்குப் பெரிய கவலை. நாட்டிலே வளர்த்த பயிரை வெளியார் அறுத்துக்கொண்டு போனால், ஆப்பிரிக்க கிளப்புகளுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கேள்வி. வெளிநாட்டில் ஆடுகிறவர்களில் இரண்டு பேரை மட்டுமே ஒரு நாட்டுக் குழுவில் சேர்க்கலாம் என்ற விதியும் 1965 முதல் இருந்தது.

விதி நிற்கவில்லை. வெளிநாட்டில் நல்ல சம்பளம். ஆட்டக்காரனுக்கும் குடும்பம் இருக்கிறது. அவன் போகத்தான் செய்வான். நாடுகளோ, தங்கள் சிறந்த ஆட்டக்காரர்கள் இல்லாமல் கோப்பைக்கு ஆட விரும்பவில்லை. 1982-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

டெசெமா அஞ்சியதும் நடந்தது. ஆப்பிரிக்காவின் சிறந்த கால்கள் இன்று பெரும்பாலும் ஐரோப்பிய மைதானங்களில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே போனவர்கள் பேரும் புகழும் பெற்று, சொந்த ஊரில் வீடு கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். இதில் யார் சொன்னது சரி என்று ஆப்பிரிக்காவில் இன்னும் வாதம் நடக்கிறது.

விளம்பர விஷயத்திலும் அவர் கண்டிப்பானவர். சாராயம், சிகரெட் கம்பெனிகளின் பணத்தில் இளைஞர்களின் ஆட்டம் நடப்பதை அவர் விரும்பவில்லை. சம்மேளனத்தில் பணம் அதிகம் இல்லாத காலம் அது. ஆனாலும் அவர் மனம் மாறவில்லை.

கண்ட வெற்றியும் காணாத வெற்றியும்

1978 உலகக் கோப்பையில் டுனீசியா, மெக்சிகோவை 3-1 என்று வென்றது. உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க நாடு ஒன்று வென்ற முதல் ஆட்டம் அது. 1982-ல் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தி உலகத்தைத் திகைக்க வைத்தது. 1986-ல் மொராக்கோ தன் பிரிவில் முதலாவதாக வந்தது. இவற்றை எல்லாம் டெசெமா கண்ணாரக் கண்டார்.

1987-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி, புற்று நோயால் அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபத்தைந்து.

தென் ஆப்பிரிக்கா அப்போதும் வாசலுக்கு வெளியேதான் நின்றது. நெல்சன் மண்டேலா அப்போதும் சிறையில்தான் இருந்தார்.

மூன்று ஆண்டுகளில் மண்டேலா வெளியே வந்தார். நிறவெறிச் சட்டங்கள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. 1992-ம் ஆண்டு தென் ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கச் சம்மேளனமும் பிபாவும் சேர்த்துக்கொண்டன. 1994-ல் மண்டேலா ஜனாதிபதி ஆனார்.

1995-ம் ஆண்டு ஆப்பிரிக்க கிளப் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, சொவேட்டோவின் ஓர்லாண்டோ பைரட்ஸ் வந்தது. கறுப்பு மக்களை வெள்ளை அரசாங்கம் ஒதுக்கி வைத்த பேட்டைதான் சொவேட்டோ. முதல் ஆட்டம் சொந்த மண்ணில் 2-2. மறு ஆட்டம் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில். அங்கே 1-0 என்று வென்று, பைரட்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டது.

இரண்டே மாதம் கழித்து, 1996 பிப்ரவரி 3-ந் தேதி, நாடுகளுக்கான ஆப்பிரிக்கக் கோப்பையையும் தென் ஆப்பிரிக்கா வென்றது. அந்தக் குழுவில் கறுப்பரும் இருந்தார்கள், வெள்ளையரும் இருந்தார்கள். கேப்டன் ஒரு வெள்ளையர். ஆட்டக்காரர்களின் சட்டையையே தானும் அணிந்துகொண்டு, மண்டேலா அவர் பக்கத்தில் நின்றார்.

கலந்து அனுப்ப மாட்டோம் என்று 1957-ல் கார்ட்டூமில் சொன்ன அதே நாடு, கலந்து ஆடி வென்றது.

ஆப்பிரிக்கச் சம்மேளனத்தில் இன்று 54 நாடுகள் இருக்கின்றன. 1966-ல் ஓர் இடம்கூட மறுக்கப்பட்ட கண்டத்துக்கு, 2026 உலகக் கோப்பையில் நேராக ஒன்பது இடங்கள் ஒதுக்கப்பட்டன. கிளப் கோப்பை 1997 முதல் சாம்பியன்ஸ் லீக் என்ற புதுப் பெயரில் நடந்து வருகிறது.